மசாய் மாரா போகிறவர்களுக்கு: 'பார்க் ஃபீஸ் உள்பட' என்ற வரியை நம்பி 400 டாலர் போன கதை

போன 2025 ஆகஸ்டில் மதுரையில் ஒரு டிராவல்ஸ்காரர் மூலமாகக் கென்யா போய் வந்தோம். நான், மனைவி, 13 வயது மகள். அவர் பேரைச் சொல்லப்போவதில்லை, புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. ஆனால் திரும்பி வந்து நாலு பேரிடம் விசாரித்ததில் இதே மாதிரி வேறு ஊர்களிலும் வேறு ஆட்களிடமும் நடந்திருக்கிறது என்று தெரிந்தது, அதனால் எப்படி ஏமாந்தேன் என்பதைக் கணக்கோடு எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமான டிக்கெட் நீங்கலாக மூன்று பேருக்கும் சேர்த்து 3,80,000 ரூபாய். ஐந்து இரவு. நைரோபி, மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் இரண்டு இரவு, நகுரு ஏரி, மறுபடி நைரோபி. வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு பக்கம் அனுப்பினார், அதில் லேண்ட் க்ரூசர் (நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய ஜீப்), மாராவுக்குள் தங்கல், பார்க் ஃபீஸ் (காப்பகத்தின் நுழைவுக் கட்டணம்) உள்பட, வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கிற மான் வகை) கூட்டம் ஆற்றைக் கடக்கும் காட்சி 100% உறுதி என்று வண்ண எழுத்தில் இருந்தது. அந்தக் கடைசி வரியைப் படித்ததுமே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். வில்டபீஸ்ட் என்ன டவுன் பஸ்ஸா, நேரத்துக்கு வந்து ஆற்றைக் கடக்க? தான்சானியாவின் செரங்கெட்டிக்கும் கென்யாவின் மாராவுக்கும் நடுவே மழையையும் புல்லையும் பின்தொடர்ந்து வருஷம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கிற பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் அவை. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை பொதுவாக மாரா பக்கம் இருக்கும், அவ்வளவுதான் சொல்ல முடியும். கரைக்கு வந்து மூன்று மணி நேரம் நின்றுவிட்டு அப்படியே திரும்பிப் போன நாட்களும் உண்டு என்று பிறகு டிரைவர் சொன்னார்.

முதல் சறுக்கல் கிளம்புவதற்கு முன்பே. 'விசா கட்டணம்' என்று தலைக்கு 9,000 வாங்கினார். கென்யா 2024 ஜனவரியிலேயே விசாவை எடுத்துவிட்டது, அதற்குப் பதில் இடிஏ என்று ஒரு முன் அனுமதி, அரசாங்கத்தின் சொந்தத் தளத்தில் நாமே போட்டால் 30 டாலர் அளவில் முடிந்துவிடும், குழந்தைக்கும் தனியாக வேண்டும். இதுகூடப் பரவாயில்லை, சேவைக் கட்டணம் என்று விட்டுவிடலாம். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பற்றிக் கேட்டதற்கு "அதெல்லாம் தேவையில்லண்ணே, கென்யாக்காரன் கேக்கவே மாட்டான்" என்றார். கென்யாக்காரன் கேட்க மாட்டான், சரி. திரும்பி வரும்போது நம்ம ஏர்போர்ட்டில் கேட்பார்கள்! அந்த அட்டை இல்லாவிட்டால் ஆறு நாள் வரைக்கும் தனிமையில் உட்கார வைக்கலாம். என் மச்சான் சொல்லித்தான் தெரியும், மூன்று பேரும் சென்னைக்குப் போய் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டு வந்தோம். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் போட்டிருக்க வேண்டும், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

நைரோபியில் இறங்கிய மறுநாள் காலை ஏழரைக்கு ஓட்டல் வாசலில் வந்து நின்றது லேண்ட் க்ரூசர் இல்லை, கூரையை மேலே தூக்குகிற ஒரு பழைய வேன். உள்ளே ஏற்கெனவே இரண்டு பேர். இன்னும் இரண்டு ஓட்டலில் ஆட்களை ஏற்றி ஊரைத் தாண்டவே ஒன்பதாகிவிட்டது, மொத்தம் ஏழு பேர், என் மகளுக்குப் பின் வரிசையில் நடு இடம். வழியில் பிளவுப் பள்ளத்தாக்கைப் பார்க்கிற மேட்டில் ஒரு பொம்மைக் கடை, முக்கால் மணி நேரம். (கடை கூடாது என்பதில்லை. ஆனால் டிரைவருக்குக் கமிஷன் உண்டு, விலையை மூன்றில் ஒன்றாகக் கேட்க வெட்கப்படாதீர்கள்.) நரோக்கில் சாப்பாடு. கென்யாவில் சப்பாத்தி நம்ம ஊர் மாதிரியே கிடைக்கிறது, மகளுக்கு அது ஒன்றுதான் அன்றைக்கு ஆறுதல்.

கேம்ப்புக்குப் போய்ச் சேர மூன்றேகால். அது மாராவுக்குள் இல்லை, காப்பகத்தின் செகெனானி நுழைவு கேட்டுக்கு வெளியே இருந்தது. வெளியே தங்குவது தப்பே இல்லை, விலை குறைவு, நிறையப் பேர் அப்படித்தான் தங்குகிறார்கள். உள்ளே தங்குவதற்கான பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே தங்கவைத்ததுதான் தப்பு. திட்டத்தில் கேம்ப் பேருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'ஆர் சிமிலர்' (அல்லது அதே போன்ற வேறொன்று) என்று இருந்ததை அன்றைக்கு ராத்திரிதான் கவனித்தேன்.

நாலு மணிக்கு கேட். இறங்கிப் போன டிரைவர் ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து, எங்கள் மூன்று பேருக்கும் இன்னும் 400 டாலர் கட்ட வேண்டும் என்றார். எனக்குக் காது அடைத்துவிட்டது. எல்லாம் உள்பட என்று தாளைக் காட்டினேன். அவர் தன் போனில் இருந்த வவுச்சரைக் காட்டினார், நான் அதுவரை கண்ணாலேயே பார்க்காத வவுச்சர். அதில் எங்கள் பேருக்கு நேராக இருந்தது: வேன், ஷேரிங், இரண்டு அரை நாள் சஃபாரி, பார்க் ஃபீஸ் பாக்கியை விருந்தினரே கேட்டில் கட்டுவார்கள்.

கணக்கு இதுதான். மாராவில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 9 முதல் 17 வயது வரை 50 டாலர். ஆக ஆகஸ்டில் எங்களுக்கு ஒரு நாளைக்கு 450, இரண்டு நாளைக்கு 900. நம்மாள் மலிவான ஆறு மாத விலையைப் போட்டு நாளுக்கு 250 வீதம் 500 மட்டும் அனுப்பிவிட்டு, மிச்சம் 400-ஐ நாங்கள் கட்டுவோம் என்று அங்கே வண்டி ஓட்டுகிற கென்யா நிறுவனத்திடம் சொல்லிவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. கேட்டில் நின்றுகொண்டு என்ன சண்டை போடுவது? மகள் முகத்தைப் பார்த்தேன், கார்டைத் தேய்த்தேன். கிட்டத்தட்ட 35,000 ரூபாய்.

இதைவிட எரிச்சல் என்ன தெரியுமா, அந்த டிக்கெட் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைதான். முன்பெல்லாம் 24 மணி நேரம் செல்லுமாம், இப்போது 12 மணி நேரம். நாங்கள் உள்ளே நுழைந்தது நாலேகாலுக்கு, ஆறுக்குள் வெளியே வந்தாக வேண்டும். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு 450 டாலர்! விவரம் தெரிந்த ஆள் திட்டம் போட்டிருந்தால், வெளியே தங்குகிற எங்களை முதல் நாள் கேம்ப்பில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஆறுக்கு மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் ஆறு மணி வரை சுற்றவைத்து, ஒரே நாள் டிக்கெட்டோடு முடித்திருப்பார். உள்ளே தங்குகிறவர்களும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள், கிளம்புகிற நாளில் காலை பத்துக்குள் கேட்டைத் தாண்டாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம்.

மறுநாள் எங்கள் வவுச்சர்படி காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டரை மணி நேரம். அந்த நேரத்தில் செகெனானியிலிருந்து மாரா ஆற்றுக்குப் போய்த் திரும்புவது நடக்காத காரியம், போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏழு பேரும் சேர்ந்து காசு போட்டு முழு நாளாக மாற்றினோம். முந்தின ராத்திரி ஒரு மழை. நான் கோவில்பட்டிக்காரன், கரிசல் மண் நனைந்தால் சைக்கிள் சக்கரமே சுற்றாது என்று சின்ன வயதிலிருந்து தெரியும். மாராவில் பல இடங்களில் அதே கறுப்புக் கரிசல்தான், பார்த்ததும் எனக்குப் பக்கென்றது. நினைத்த மாதிரியே வேன் அச்சு வரை இறங்கிவிட்டது. பின்னால் வந்த ஒரு லேண்ட் க்ரூசர் கயிறு கட்டி இழுத்து வெளியே விட ஒரு மணி பத்து நிமிஷம். லேண்ட் க்ரூசர் கேட்பது சொகுசுக்காக என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கவும்.

ஆற்றங்கரையில் நீர்யானைகள், கல் மாதிரி கிடக்கிற முதலைகள், எதிர்க் கரையில் கறுப்பாக ஒரு பெரும் கூட்டம். வரும், விளிம்பில் நிற்கும், பின்னால் போகும். இரண்டரை மணி வரை காத்திருந்தோம், கடக்கவில்லை. அதற்கு யார் மேலும் வருத்தமில்லை, 100% என்று எழுதினவரைத் தவிர. திரும்பும் வழியில் ஒரு கரையான் புற்று மேல் சிவிங்கிப்புலி ஒன்று இரண்டு குட்டிகளோடு உட்கார்ந்திருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. ஒரு இடத்தில் ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி, அங்கே நான் எண்ணினது பதினேழு. எங்கள் டிரைவர் தள்ளியே நிறுத்தினார்.

அந்த டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை. சேற்றிலும் வெயிலிலும் எங்களுக்காக உழைத்தவர், ஒவ்வொரு குளறுபடிக்கும் "போலே சானா" என்று அவர்தான் வருத்தம் தெரிவித்தார், அவர் செய்யாத தப்புக்கு. வவுச்சரைப் படம் எடுத்துக்கொள்ள விட்டதும் அவர்தான். ஏமாற்றினது அங்கே யாரும் இல்லை, நம்ம ஊர்ப் பேச்சு பேசி, காபி வாங்கிக் கொடுத்து, அண்ணே அண்ணே என்று கூப்பிட்ட ஆள்.

நகுருவில் 'லட்சக்கணக்கில் பூநாரை' என்று அந்த வாட்ஸ்அப் பக்கத்தில் இருந்தது, ஏரி நீர்மட்டம் ஏறியதில் அவை பெரும்பாலும் போகோரியா ஏரிப் பக்கம் போய்ப் பல வருஷமாகிறது. காண்டாமிருகம் பார்த்தோம், அது நன்றாகவே இருந்தது.

திரும்பி வந்து டிராவல்ஸ்காரரிடம் கேட்டால், "அண்ணே, கவர்மென்ட் திடீர்னு ஏத்திருச்சு, நாம என்ன பண்றது?" 200 டாலர் ஆனது 2024 ஜூலையில். அவர் எங்களிடம் பணம் வாங்கினது 2025 மார்ச்சில். ஆதாரம் என்று கென்யா வனவிலங்குத் துறையின் கட்டணப் பட்டியலை வேறு அனுப்பினார். மாரா அந்தத் துறைக்குக் கீழேயே வராது, நரோக் மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிற ரிசர்வ் அது, ஆற்றுக்கு மேற்கே உள்ள மாரா முக்கோணம் என்ற பகுதியை மட்டும் மாரா கன்சர்வன்சி என்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது. நகுரு, அம்போசெலி மாதிரியான தேசியப் பூங்காக்களுக்குத்தான் அந்தப் பட்டியல். தொழில் பண்ணுகிறவருக்கு இது தெரியாது என்றால் நான் நம்பத் தயாரில்லை.

நான் செய்யாமல் விட்டது ஒரு ஈமெயில். அங்கே வண்டி ஓட்டப்போகிற கென்யா நிறுவனத்தின் பேரைப் பணம் கட்டும் முன்பே கேட்டு வாங்கி, கேட்டோ எனப்படும் கென்ய டூர் ஆபரேட்டர்கள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா, அந்நாட்டுச் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, என் பேரில் என்ன பதிவாகியிருக்கிறது என்று அவர்களுக்கே நேராக எழுதிக் கேட்டிருந்தால் எல்லாம் அன்றைக்கே வெளிச்சமாகியிருக்கும். நான் பேரைக் கேட்டபோது "அது நம்ம டை-அப்ண்ணே, வெளிய சொல்ல மாட்டோம்" என்றார், நானும் தலையாட்டினேன். தலைக்கு எத்தனை டிக்கெட், எந்த மாத விலை, எந்த கேட், எத்தனை மணிக்கு உள்ளே போவோம், வண்டி தனியா ஷேரிங்கா என்று எழுத்தில் வாங்குங்கள். 'உள்பட' என்பதற்கு மேல் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். இன்னொன்று, பணத்தை நான் போட்டது நிறுவனத்தின் கணக்கில் இல்லை, ஜிபேயில் அவர் தம்பி பேருக்கு. ஜிஎஸ்டி பில் இன்று வரை வரவில்லை.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்த பிறகு 15,000 தருகிறேன், கூகுளில் போட்ட விமர்சனத்தை எடுத்துவிடுங்கள் என்று ஆள் விட்டார். எடுக்கவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். வாட்ஸ்அப் பக்கம், ஜிபே ரசீது, கேட்டில் கட்டின ரசீது, டிரைவர் தந்த வவுச்சர் படம், நாலையும் இணைத்திருக்கிறேன்.

மதுரையிலிருந்து இதே மாதிரி வில்டபீஸ்ட் கூட்டத்தைப் பார்க்கிற 'மைக்ரேஷன் ஸ்பெஷல்' பயணம் போய் கேட்டில் கூடுதல் பணம் கட்டினவர்கள் யாராவது இருந்தால் தனியாகச் செய்தி அனுப்புங்கள். ரசீது வைத்திருந்தால் இன்னும் நல்லது, அடுத்த வாய்தாவுக்குள் என் வக்கீலிடம் கொடுத்துவிடலாம்.