செயின்ட் லூயிஸ் ஆவண மையம்: பதக்கத் திருத்தத்துக்கு எவ்வளவு உதவும்?

இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய அமெரிக்கத் தரைப்படை வீரரின் பதிவைத் திருத்த, முதலில் தட்ட வேண்டிய கதவு செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையம். பணிப் பதிவைக் கோரும் படிவம் 180-ஐ நிரப்பி, மறக்காமல் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

"கோப்பு இல்லை" என்று பதில் வந்தால் தளர்ந்துவிடாதீர்கள். 1973 ஜூலை தீ விபத்தில், 1912 முதல் 1960 வரை விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அழிந்துவிட்டன. படிவம் 13075-ல் அவர் இருந்த படைப்பிரிவுகளையும் (ரெஜிமெண்ட், கம்பெனி) தேதிகளையும் துல்லியமாகக் கொடுத்தால், தினசரி அறிக்கைகள், கடைசிச் சம்பள ரசீது போன்றவற்றிலிருந்து பணி விவரத்தைத் திரட்டித் தருகிறார்கள். மையத்தின் மிகச் சிறந்த சேவை இதுதான்.

கையில் 53-55 விடுவிப்புச் சான்று இருந்தால் 31-ஆம் கட்டத்தைப் பாருங்கள். அங்கே நேரடிச் சண்டையில் ஈடுபட்ட காலாட்படையினருக்கான பேட்ஜ் இருந்தும், 33-ஆம் கட்டத்தில் வெண்கல நட்சத்திரப் பதக்கம் இல்லாமல் இருக்கலாம். அந்த பேட்ஜ் பெற்றவருக்கு இந்தப் பதக்கமும் உண்டு என்ற உரிமை 1947-இல்தான் வந்தது. அதற்குள் பலர் வீடு திரும்பிவிட்டார்கள். கேட்டால் கிடைக்கும், கேட்டே ஆக வேண்டும்.

சர்ச்சைக்குரிய திருத்தங்களை மையம் தீர்மானிக்காது. அதற்குப் படிவம் 149-ஐத் தரைப்படைப் பதிவுத் திருத்த வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். பிழை தெரிந்து 3 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாமதமானால் காரணத்தை விளக்குங்கள், நியாயம் கருதி வாரியம் விலக்களிக்கலாம். அசல் சான்றுகளை மட்டும் அனுப்பவே வேண்டாம், நகல் போதும்.