பௌர்ணமியா, ஒளித்து வைத்த உடுப்பா?

ஓநாய் மனிதனை வைத்துச் சொந்தமாக ஒரு ஃபேன்டஸி எழுத உட்கார்ந்தால், எடுத்துக்கொள்ள மூன்று சரக்கு இருக்கிறது. சினிமா பழக்கிவிட்ட கடி, பௌர்ணமி, வெள்ளித் தோட்டா. ஐரோப்பிய நாட்டார் கதைகளின் தோலும் உடுப்பும். பால்டிக் பக்கத்து ‘கடவுளின் நாய்கள்’. நான் இரண்டாவது கட்சி. காரணம் ஒன்றே ஒன்று: மனிதனாகத் திரும்பி வரும் வழி யார் கையில் இருக்கிறது என்பது.

சினிமா வகையில் வாசகருக்கு எதையும் விளக்க வேண்டாம். அந்த வசதியை மறுக்க முடியாது. ஆனால் பழைய மரபு என்று நம்பி எடுக்காதீர்கள். 1941-இல் வந்த ‘தி வுல்ஃப் மேன்’ படத்துக்காகக் கர்ட் சியோட்மாக் எழுதிய நான்கு வரியைப் பழங்கால நாட்டுப்பாடல் என்றே இன்றும் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அதில்கூட முழுநிலா இல்லை, இலையுதிர்கால நிலா ஒளிரும்போது என்றுதான் வருகிறது. 1943-இல் வந்த தொடர்ச்சிப் படத்தில்தான் அது முழுநிலா ஆனது. கடித்தால் தொற்றும் என்பதும் பழைய கதைகளில் அரிது.

இந்த வகையின் பராமரிப்புச் செலவு நாவல் பாதியைத் தாண்டும்போதுதான் தெரியும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஏறத்தாழ 29 1/2 நாள். கதை ஆறு மாதம் ஓடினால் ஆறு பௌர்ணமி வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் உருமாற்றக் காட்சி வேண்டும், இல்லையென்றால் ஏன் இல்லை என்று ஒரு சாக்கு வேண்டும். நாயகி பன்னிரண்டு நாள் பயணம் போனாள் என்று எழுதினால் நிலா எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். முழுநிலா சூரியன் மறையும் நேரத்தையொட்டி எழும். நள்ளிரவில் மலைக்குப் பின்னாலிருந்து அதை எழவைத்தால் யாராவது ஒரு வாசகர் பிடித்துவிடுவார்.

தொற்று இன்னும் மோசம். மாதம் ஒருவரை மட்டும் கடித்துப் பிழைக்கவிட்டாலும் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், பன்னிரண்டாவது மாதம் 4,096. உங்கள் ராஜ்ஜியத்தில் முந்நூறு வருடமாக ஓநாய் மனிதர்கள் இருக்கிறார்கள் என்றால், மனிதர்கள் எப்படி மிஞ்சினார்கள் என்பதற்குப் பதில் வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, நிலாவோடு பேரம் பேச முடியாது. அதை யாரும் திருட முடியாது, ஒளிக்க முடியாது, அடகு வைக்க முடியாது.

உடுப்பு அப்படியில்லை. 12-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் மாரி த ஃபிரான்ஸ் எழுதிய ‘பிஸ்க்ளாவ்ரே’ என்ற கதைப்பாடலைப் பாருங்கள். பிரான்சின் பிரெத்தாஞ் பகுதிப் பிரபு ஒருவன் வாரத்தில் மூன்று நாள் காணாமல் போகிறான். மனைவி நச்சரித்துக் கேட்டதும், ஓநாயாக அலைவதாகவும், பழைய தேவாலயத்தருகே புதர் மறைவில் உள்ள ஒரு குடைவுக் கல்லுக்குள் துணியை வைப்பதாகவும் சொல்லிவிடுகிறான். அவள் ஆள் வைத்து அதை எடுத்துவிடுகிறாள். அவ்வளவுதான், அவன் ஓநாயாகவே நின்றுபோகிறான். ஒரு ரகசியம், ஒரு பொருள், ஒரு துரோகம், இதிலேயே முழுக் கதையும் ஓடிவிடுகிறது. பிறகு அரசன் ஒருவன் அந்த ஓநாயைத் தன்னோடு வைத்துக்கொள்கிறான். கடைசியில் துணியைக் கொண்டுவந்து முன்னால் வைக்கும்போது ஓநாய் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எல்லோர் முன்னாலும் மாற வெட்கம் என்று ஒரு பெரியவர் சொல்ல, அரசனின் அறையில் தனியே விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். சற்று நேரம் கழித்துத் திறந்தால் அரசனின் கட்டிலில் மனிதன் தூங்கிக்கொண்டிருக்கிறான். உருமாற்றத்தை வாசகர் பார்க்கவே இல்லை. எலும்பு முறியும் ஓசையை இரண்டு பக்கம் எழுதுவோர் இந்த இடத்தை ஒருமுறை படிக்கலாம்.

இங்கே பலர் சறுக்கும் ஓரிடம் உண்டு. தோலும் உடுப்பும் ஒன்றுபோலத் தோன்றினாலும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்பவை. தோலைப் போர்த்தினால் ஓநாய், அதைத் தொலைத்தால் ஓநாயாக முடியாது. உடுப்பைக் களைந்தால் ஓநாய், அதைத் தொலைத்தால் மனிதனாக முடியாது. முதலாவதில் பறிபோவது சக்தி, இரண்டாவதில் பறிபோவது வாழ்க்கை. எது வேண்டும் என்று முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவுசெய்யுங்கள். நடுவில் மாற்றினால் திருட்டுக் காட்சிக்கே பொருள் மாறிவிடும்.

தோலை எடுத்தால் வரும் சிக்கல், அது வெறும் கோட்டு போல ஆகிவிடுவது. நினைத்தபோது போட்டுக் கழற்றினால் பயம் எங்கே? அதற்குக் கெடு வைக்க வேண்டும். ஐஸ்லாந்தின் பழங்கதையான வோல்சுங்கர் கதையில் சிக்மண்டும் அவன் மகன் சின்ஃப்யோட்லியும் ஓநாய்த் தோலுக்குள் புகுந்தபின் பத்தாம் நாள்தான் வெளியே வர முடிகிறது. வந்ததும் தோல்களை எரித்துவிடுகிறார்கள். ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்த, கிரேக்கத்தின் ஆர்கேடியப் பகுதிக் கதையில் ஒருவன் உடுப்பை ஓக் மரத்தில் தொங்கவிட்டு ஏரியை நீந்திக் கடந்து ஓநாயாகிறான். ஒன்பது வருடம் மனிதரைத் தொடாமலிருந்தால் திரும்ப நீந்திவந்து பழைய உருவத்தைப் பெறலாம். பத்து நாள் ஒரு சிறுகதைக்குச் சரி, ஒன்பது வருடம் நாவலுக்கு.

எந்த வகையானாலும் எடையைக் கவனியுங்கள். ஐரோப்பியச் சாம்பல் ஓநாய் பெரும்பாலும் 30 முதல் 50 கிலோ. எண்பது கிலோ ஆள் அப்படியே மாறினால் அது ஓநாய்க் கூட்டத்தில் ஒளிய முடியாது.

மூன்றாவது வகைக்குச் சான்று ஒரு வழக்கு விசாரணை. 1691-இல் லிவோனியாவில் (இன்றைய லாட்வியா, எஸ்டோனியா பகுதி) எண்பது வயது தாண்டிய தீஸ் என்ற கிழவர், தானும் தன் கூட்டாளிகளும் கடவுளின் நாய்கள் என்றும், சூனியக்காரர்கள் திருடிப்போன விளைச்சலை மீட்க ஓநாயாக நரகத்துக்குள் போவதாகவும் நீதிபதிகளிடம் சாதித்தார். பிசாசோடு தொடர்பு என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. கசையடியும் நாடுகடத்தலும் தீர்ப்பு. அருமையான கரு. தானியத்துக்காகச் சண்டை போடும் ஓநாய்க்கு விவசாயக் கிராமம் ஒன்றைச் சுற்றிக் கட்டினால் சிறுகதைக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். 400 பக்கம் தாங்குமா என்பதில் எனக்கு அவ்வளவு உறுதியில்லை. நல்லவர் என்று முதலிலேயே தெரிந்துவிட்ட ஓநாயிடம் வாசகர் எவ்வளவு நேரம் பயப்படுவார்?

நிலா இல்லாமல் மனசு கேட்கவில்லை என்றால், ரோமானிய எழுத்தாளர் பெட்ரோனியஸ் போல விளக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நிலா நடுப்பகல் போலக் காய்கிறது, சாட்சிக்காரனுக்குக் கண் தெரிவதற்காக. கல்லறைகளுக்கு நடுவே சிப்பாய் துணியைக் களைந்து, சுற்றிலும் சிறுநீர் கழித்து, ஓநாயாகிக் காட்டுக்குள் ஓடிவிடுகிறான். கூட வந்தவன் நடுங்கிக்கொண்டே அந்தத் துணியை எடுக்கப் போகிறான். அது கல்லாகிக் கிடக்கிறது.