ரக்பி லீக்கில் சிறந்த வீரர் யார்: கேமரன் ஸ்மித்தா, ஜொனாதன் தர்ஸ்டனா?

இருவரும் 1983-இல் பிறந்த குயின்ஸ்லாந்துக்காரர்கள். 2002-இல் ஆஸ்திரேலியாவின் முதன்மை ரக்பி லீக் கிளப் போட்டியான என்.ஆர்.எல். தொடருக்கு வந்தார்கள். 2006 முதல் 2013 வரை நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கு எதிராக ஆண்டுதோறும் நடக்கும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரைக் குயின்ஸ்லாந்து தொடர்ந்து 8 முறை வென்றபோது இருவருமே அந்த அணியின் தூண்கள்.

எண்ணிக்கையில் ஸ்மித்தான் மேலே. மெல்போர்ன் ஸ்டார்ம் என்ற ஒரே கிளப்புக்கு 430 ஆட்டங்கள். அவர் ஆடிய இடம் ஹூக்கர்; ஹூக்கர் என்றால் பந்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும், அப்புறம் மைதானத்தின் நடுவில் நின்று ஓயாமல் டேக்கிள் செய்ய (பந்தோடு ஓடி வருபவரைப் பிடித்து வீழ்த்த) வேண்டும். அந்த இடத்தில் 37 வயதுவரை ஆடி, 2020 இறுதிப்போட்டியை வென்றதோடு விடைபெற்றார். கிளப் சம்பள வரம்பை மீறியதால் 2007, 2009 பட்டங்கள் பறிக்கப்பட்டது பெரிய அடி.

தர்ஸ்டன் ஆடியது 323 ஆட்டங்கள்தான். ஆனால் ஆண்டின் சிறந்த வீரருக்கான டாலி எம் விருது ஸ்மித்துக்கு இரண்டு, இவருக்கு நான்கு. 2015 இறுதிப்போட்டியைப் பாருங்கள்: தர்ஸ்டனின் அணியான நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ் கடைசி நொடியில் ட்ரை போட்டு (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து) 16-16 என்று சமன் செய்தது. ட்ரைக்குப் பின் கிடைக்கும் கூடுதல் புள்ளிகளுக்காக எல்லைக்கோட்டோரத்திலிருந்து தர்ஸ்டன் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சில நிமிடங்களில், முதலில் புள்ளி எடுப்பவரே வெல்லும் கோல்டன் பாயிண்ட் நேரத்தில், அவரே ஃபீல்டு கோல் அடித்து (ஆட்டத்தின் நடுவே பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து) பிரிஸ்பேன் பிராங்கோஸை வீழ்த்தினார். கிளப்பின் முதல் பட்டம் அது.

என் தேர்வு தர்ஸ்டன். 2004-இல் புல்டாக்ஸ் அணியில் பட்டம் வென்றபோது, காயத்தால் இறுதிப்போட்டியில் ஆட முடியாத கேப்டன் ஸ்டீவ் பிரைஸுக்குத் தன் வெற்றி மோதிரத்தைக் கொடுத்தவர் அவர்.