வெளிமாநில அட்டைக்கு எங்கள் ரேஷன் கடை தரும் சேவை

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருங்கிக் கிடக்கும் பகுதியில் உள்ள எங்கள் நியாய விலைக் கடையில் எடை சரியாக இருக்கும், அரிசியும் பரவாயில்லை. நம் ஊர் அட்டைக்கு அது நல்ல கடைதான். பிகார், ஒடிசா தொழிலாளர்களுக்கு அதே கடை எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எந்த மாநில அட்டைக்கும் நாட்டின் எந்த ரேஷன் கடையிலும் தானியம் வாங்க வழிசெய்யும் 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. தொழிலாளி தன் பங்கை இங்கே வாங்கினால், ஊரில் உள்ள குடும்பம் மீதியை அங்கே வாங்கிக்கொள்ளலாம். துவரம் பருப்பும் பாமாயிலும் நம் மாநில அரசு தருபவை என்பதால் அவை அவருக்குக் கிடையாது.

அண்மையில் எனக்கு முன்னால் நின்ற சாயப்பட்டறை இளைஞரின் பெருவிரல் ரேகை கருவியில் விழவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார், அப்போதும் விழவில்லை. வேறு விரலை வைக்கச் சொல்லாமலேயே, "சர்வர் இல்லை, அப்புறம் வா" என்று விற்பனையாளர் அட்டையைத் திருப்பித் தள்ளினார். அடுத்து நின்ற எனக்கு அதே கருவி உடனே வேலை செய்தது. எனக்குப் பின்னால் வந்த பாட்டிக்கு ரேகை விழாதபோது, "ஒவ்வொரு வெரலா வையுங்க ஆத்தா" என்று அவரே பொறுமையாகப் பார்த்துக் கொடுத்தார்.

விற்பனையாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "ஏனுங், இவங்களுக்கே குடுத்தா நமக்கு எங்கீங் இருக்கும்?" என்று வரிசையில் ஒருவர் கேட்க, நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அந்தத் தொழிலாளி தன் சொந்த ஊர்க் கடையில் வாங்க வேண்டிய பங்கைத்தான் இங்கே கேட்கிறார் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. குறைந்த கூலிக்கு உழைத்து நம் வேலையைப் பறிப்பவர் என்றும், உழைக்காமல் சலுகையில் வயிறு வளர்ப்பவர் என்றும் ஒரே ஆளைப் பற்றி ஒரே மூச்சில் எப்படிச் சொல்ல முடிகிறதோ தெரியவில்லை. இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உள்ள கம்பெனியில் நம்மவர் சம்பளத்தைப் போலவே அவர் சம்பளத்திலும் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். 2023 மார்ச்சில், வெளிமாநிலத்தவர் இங்கே தாக்கப்படுவதாகப் பரவிய பொய்க் காணொளிகளால் தொழிலாளர்கள் ஊர் திரும்பத் தொடங்கியபோது, அவர்கள் போய்விட்டால் தொழில் என்னாகும் என்று ஊரே பதறியது. அந்தப் பதற்றம் ரேஷன் வரிசை வரைக்கும் வந்து சேரவில்லை.

கடை வாசலில் இருப்புப் பலகை தொங்குகிறது. வெளிமாநில அட்டைக்கும் இங்கே பொருள் உண்டு என்ற ஒரு வரியை இந்தியிலும் ஒடியாவிலும் அதில் எழுதி, பாட்டிக்குக் காட்டிய பொறுமையை எல்லோருக்கும் காட்டும்வரை, இந்தச் சேவைக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்க மாட்டேன்.