தேவைப்படாத கிஃப்ட் கார்டுகள்: ஆறு வருட அனுபவம்

எங்கள் அலுவலகத்தில் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டிக்குப் பதிலாக கிஃப்ட் கார்டு தர ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. கல்யாண நாள், கிரகப்பிரவேசம் என்று வந்தவற்றையும் சேர்த்தால் இருபதுக்கு மேல் என் கைக்கு வந்திருக்கும். பாதிக்கு மேல் நான் போகவே போகாத கடைகளுடையவை.

முதல் இரண்டு வருடம் எல்லாவற்றையும் பீரோவில் போட்டு வைத்தேன். அதில் ஒன்று 2,000 ரூபாய்க்கான துணிக்கடை கார்டு. பொங்கலுக்குப் புடவை எடுக்கலாம் என்று அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். பில் போடும்போது, தேதி முடிந்து பத்து நாள் ஆகிவிட்டது என்றார்கள். கெஞ்சிக் கேட்டும் பலனில்லை. அம்மா புடவையைத் திரும்ப மடித்து வைத்தது இன்னும் மனதில் இருக்கிறது. அன்றிலிருந்து கார்டு வந்த அன்றைக்கே கடைசித் தேதியை போனில் குறித்துவிடுகிறேன்.

எனக்கு நன்றாகப் பலித்த வழி, தெரிந்தவர்களிடம் மாற்றிக்கொள்வதுதான். அண்ணி வாஷிங் மெஷின் வாங்கப் போகிறார் என்று தெரிந்ததும் என்னிடம் இருந்த குரோமா கார்டைக் கொடுத்தேன். முழுத் தொகையையும் ஜிபேயில் அனுப்பிவிட்டார். அலுவலக நண்பர்கள் என்றால் நூற்றுக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கொடுக்கிறேன். முன்பின் தெரியாதவர்களுக்கு மட்டும் விற்க மாட்டேன். ஒருமுறை முயன்றபோது, "பேலன்ஸ் பார்த்துட்டுப் பணம் போடறேன், கார்டு நம்பரும் பின் நம்பரும் அனுப்புங்க" என்றார் ஒருவர். அந்த இரண்டும் போனால் பணமும் போன மாதிரிதான். அனுப்பவில்லை.

அமேசான் கார்டை யாருக்காவது கொடுக்கும் எண்ணம் இருந்தால் உங்கள் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். சேர்த்த தொகையை வேறு கணக்குக்கு மாற்ற முடியாது.

வங்கி தரும் கிஃப்ட் கார்டு வேறு வகை. கடை தன் பொருளுக்கு மட்டும் தரும் கார்டு ரிசர்வ் வங்கி விதிகளுக்குள் வராது. வங்கிக் கார்டு வரும். 2021இல் வந்த விதிகளின்படி ஒரு கார்டில் அதிகபட்சம் 10,000 ரூபாய்தான் போடலாம், ரொக்கமாக எடுக்க முடியாது, குறைந்தது ஒரு வருடமாவது செல்லுபடியாக வேண்டும். பலருக்குத் தெரியாத விஷயம், தேதி முடிந்த பிறகும் மிச்சத் தொகையைக் கேட்டால் நம் வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்பது. என் பழைய கார்டு ஒன்றில் 340 ரூபாய் கிடந்தது. கார்டின் கடைசி நான்கு எண்களைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. கார்டையும் அது வந்த உறையையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது அப்போது உதவியது.

சில கார்டுகளைக் கொடுத்துவிடுவதே எனக்கு நிறைவு. போன ஜூனில் ஒரு புத்தகக் கடை கார்டை, கல்லூரியில் சேர்ந்த எங்கள் வாட்ச்மேன் அண்ணன் மகளுக்குக் கொடுத்தேன். கடைசித் தேதியை உறை மேலேயே பெரிதாக எழுதித்தான் கொடுத்தேன்.