ஓநாய்க் கொட்டிலைக் கூட்டுவது யார்? – ‘வோலோஸ் கைட் டு மான்ஸ்டர்ஸ்’

குகைக்குள் பன்னிரண்டு காப்லின்கள் (கதைகளில் வரும் குட்டிப் பூதங்கள்) இருக்கின்றன, சரி. வீரர்கள் வந்து கதவை உடைக்காத நாட்களில் அவை என்ன செய்துகொண்டிருக்கும்? யார் சமைப்பது, யார் காவலுக்கு நிற்பது, யாருக்கு யாரைக் கண்டால் பயம்? டன்ஜன் மாஸ்டராக, அதாவது கதையைச் சொல்லி அரக்கர்களுக்கும் குரல் கொடுப்பவராக, ஆட்டம் நடத்த ஆரம்பித்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டதே இல்லை. அரக்கர் புத்தகங்கள் பெரும்பாலும் உயிர்ப்புள்ளி இத்தனை, கவசம் இத்தனை என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையாக ஆடும் மேசை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்புக்காக விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2016 நவம்பரில் வெளியிட்ட இந்த 224 பக்கப் புத்தகம் அப்படிப் போகவில்லை. இதில் மூன்று பகுதிகள். புதிய கதாபாத்திர இனங்கள் ஒரு பகுதி, புதிய அரக்கர்களின் பட்டியல் ஒரு பகுதி. இரண்டும் பயன்படும், அவ்வளவுதான். நான் திரும்பத் திரும்பப் புரட்டுவது முதல் பகுதியைத்தான். பிஹோல்டர், ராட்சதர், நோல் (கழுதைப்புலி முகம் கொண்டவை), காப்லின் வகையினர், சூனியக்கிழவிகள், கோபோல்டு (பல்லி போன்ற குட்டி உயிர்கள்), மைண்ட் ஃப்ளேயர், ஓர்க் (முரட்டுப் போர் இனம்), யுவான்-டி என்று ஒன்பது கூட்டங்கள் எப்படி வாழ்கின்றன என்று அதில் விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

காப்லின் பக்கங்களுக்காகவே வாங்கலாம். ஒரு கூட்டத்துக்குள் குடும்பங்கள் நான்கு அடுக்காக இருக்கின்றன. மேலே சாட்டைக்காரர்கள்: போர், பொறி வைப்பது, விலங்கு பழக்குவது என்று வித்தை தெரிந்த குடும்பங்கள். அடுத்து வேட்டைக்காரர்கள். அதற்குக் கீழே உணவு சேகரிப்பவர்கள். எல்லாருக்கும் அடியில், கொட்டில் கழுவவும் சுரங்கம் தோண்டவும் விடப்பட்டவர்கள். இந்தக் கடைசி அடுக்குக்குப் புத்தகம் வைத்திருக்கும் ஆங்கிலப் பெயர், தமிழிலுள்ள ஒரு சாதிப் பெயரிலிருந்து போன சொல். அதை நான் ஆட்ட மேசையில் உச்சரிப்பதே இல்லை. ‘ஒதுக்கப்பட்டவர்கள்’ என்று மாற்றிக்கொண்டேன், நீங்களும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இதை வைத்து நான் நடத்திய ஒரு ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். திருடன் பாத்திரம் ஏற்றிருந்தவர் ஓநாய்க் கொட்டிலுக்குள் பதுங்கிப் போனார். உள்ளே கையில் விளக்குமாறோடு ஒரு காப்லின். கத்தியை அதன் கழுத்தில் வைத்துவிட்டு, குத்தாமல், “உனக்கு மேலே யாரு?” என்று கேட்டார். எனக்குப் பதில் தயாராக இருந்தது. “எல்லாரும்தான் ஐயா” என்றேன், காப்லின் குரலில். மேசையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. எந்த ஓநாய் கடிக்கும், சாட்டைக்காரர்கள் எப்போது தூங்குவார்கள், கழிவு எந்த வழியாக வெளியே போகிறது என்று எல்லாம் அவனுக்குத் தெரியும். கூட்டுகிறவனுக்குத் தெரியாத மூலை ஏது? அன்று இரண்டு மணி நேரம் சண்டைக்கென்று ஒரு பகடைகூட உருளவில்லை. சண்டைக்காக நான் வரைந்து வைத்திருந்த வரைபடம் வேவு பார்க்கத்தான் உதவியது.

ராட்சதர் பகுதியும் அருமை. அவர்களுடைய தரவரிசைக்கு ‘ஆர்ட்னிங்’ என்று பெயர். புயல் ராட்சதர் உச்சியில், மலை ராட்சதர் அடியில். ஆனால் ஒவ்வொரு வகைக்குள்ளும் அளவுகோல் வேறு: பாறை ராட்சதருக்குச் செதுக்கும் கலை, பனி ராட்சதருக்கு உடல்பலம், மேக ராட்சதருக்குச் செல்வம். எதற்கு அங்கே மதிப்பு என்று தெரிந்துவிட்டால் வாளை உருவாமலே பேரம் பேச வழி கிடைக்கிறது.

கோபோல்டுகளைப் பற்றி ஒரு சின்ன விவரம் எனக்கு மிகவும் பிடிக்கும். கூட்டத்தில் ஆண்களோ பெண்களோ பெரும்பாலும் செத்துவிட்டால், மிஞ்சியவற்றில் சில, சில மாதங்களில் மெல்லப் பால் மாறிவிடுமாம். ஆறு வயதிலேயே வளர்ந்தும்விடுகின்றன. எல்லாராலும் அடித்து நொறுக்கப்படும் ஓர் இனம் எப்படி இன்னும் அழியாமல் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பதில் நான் படித்ததில்லை.

குறையும் உண்டு, சின்னதில்லை. நோல்களை யீனோகு என்ற பேய்த்தலைவனின் பசிக்கு வெறும் வாயாக ஆக்கிவிட்டார்கள். அதில் சமூகம் என்று பேச ஒன்றுமில்லை. ஓர்க் குகையை ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஓர் இடம் என்று பிரித்திருப்பது நல்ல யோசனை. லூதிக்கை வணங்குகிறவர்கள் குட்டிகளையும் குகையையும் காப்பது, யர்ட்ரஸின் ஆட்கள் செத்தவர்களைக் கவனிப்பது எல்லாம் நம்பும்படி இருக்கிறது. ஆனால் ஓர்க்காகப் பிறந்தவன் கொடியவனாகத்தான் இருந்தாக வேண்டும் என்கிற தொனி என்னை உறுத்துகிறது. காப்லினுக்குக் கொடுத்த இடத்தை ஓர்க்குக்கும் கொடுத்திருக்க வேண்டும். அண்டை இனங்களோடு கொடுக்கல் வாங்கல் எப்படி என்பதும் போதவில்லை. சூனியக்கிழவிகளின் பேரங்கள் மட்டும்தான் விதிவிலக்கு. அவை படிக்கப் படிக்கக் கதை பிறக்கும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2022-இல் ‘மான்ஸ்டர்ஸ் ஆஃப் தி மல்டிவெர்ஸ்’ என்ற புதிய தொகுப்பு வந்தபோது இதிலிருந்த அரக்கர்களின் எண்களைத் திருத்தி அதில் சேர்த்தார்கள். நான் மேலே சொன்ன நீண்ட சமூக விவரங்கள் அதில் இல்லை. சண்டைக்கு எண்கள் போதும் என்றால் புதியது போதும். கொட்டிலைக் கூட்டுகிறவனோடு உங்கள் வீரர்கள் பேச வேண்டுமென்றால் 2016-இன் அச்சுப் பிரதியைத் தேடிப் பிடியுங்கள், பழைய பிரதியானாலும் பரவாயில்லை.