குழாய்ப்புழுவின் மூடியைக் காட்டும் ஸ்டீரியோ நுணுக்குக்காட்டி: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டின் பின்

யாழ்ப்பாண நகரக் கடையொன்றில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, 7 மடங்கிலிருந்து 45 மடங்கு வரை பெருப்பித்துக் காட்டும் ஸ்டீரியோ நுணுக்குக்காட்டியைப் பற்றி எழுதுகிறேன். குருநகர்க் கரையில் பொறுக்கும் சிப்பி ஓடுகளில் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் குழாய்களுக்குள் வாழும் பல்சுணைப்புழுக்களை (உடலில் சுணை எனும் நுண்மயிர்கள் கொண்ட கடற்புழுக்களை) இனம் வரை இல்லாவிட்டாலும், நெருங்கிய இனங்களை உள்ளடக்கும் சாதி (genus) வரையிலாவது பிரித்தறிய வேண்டும் என்பதற்காகவே இதை வாங்கினேன்; அந்த ஒரு வேலையை வைத்தே இதை மதிப்பிடுகிறேன்.

இந்தப் புழுக்கள் அடங்கும் செர்புலிடேக் குடும்பத்தில் குழாயை மட்டும் பார்த்துச் சாதியைச் சொல்லத் துணிவது தவறு. புழு உள்ளே ஒடுங்கும்போது குழாயின் வாயை அடைக்கும் மூடிதான் முதன்மையான சான்று. செர்புலா என்ற சாதியில் அது ஒற்றைப் புனல். ஸ்பைரோபிராங்கஸ் சாதியில் சுண்ணாம்புத் தகடு, அதைத் தாங்கும் காம்பில் சிறகுகள். ஹைட்ராய்டீஸ் சாதியிலோ கீழே புனல், அதன் நடுவிலிருந்து எழும் முட்கிரீடம் என இரண்டு அடுக்கு. இந்தக் கருவியில் 30 மடங்கில் அந்தக் கிரீடத்தின் முட்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். முதல் முறை அதைக் கண்ட மாலையில் வெகுநேரம் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. மூடி அறுந்துபோன புழுக்களும் அகப்படும். மறுபக்கத்தில் காத்திருக்கும் சிறு பொய்மூடி வளர்ந்து அதன் இடத்தை ஏற்கும் என்பதால், அரைகுறையாக வளர்ந்த மூடியை வைத்து அவசரமாக முடிவு செய்யக் கூடாது.

சாதியைத் தாண்டினால் கருவியின் எல்லை தெரிகிறது. நோர்வே நாட்டு ஆயர் குன்னெரஸ் 1768இல் நிறுவிய ஹைட்ராய்டீஸ் சாதியில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. வெப்பக் கடல் துறைமுகங்களில் கிடைத்த எலிகன்ஸ் என்ற இனத்தையே நெடுங்காலம் அதே சாதியின் வேறோர் இனமான நோர்வேஜிகா என்று எழுதி வந்தார்கள் என்பதிலிருந்து, இந்தச் சாதியில் இனம் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பது விளங்கும். முட்களின் வடிவம் ஓரளவு உதவினாலும், புழுவின் கழுத்துப்பட்டையில் உள்ள, துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தி போன்ற சுணைகளின் பற்களைப் பார்க்காமல் பல இனங்களை உறுதி செய்ய முடியாது. அதற்கு 400 மடங்குள்ள கூட்டு நுணுக்குக்காட்டி வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஏனெனில் இது அந்த வேலைக்குச் செய்யப்பட்ட கருவி அல்ல.

உண்மையான குறை விளக்குதான். மேலிருந்து நேராக விழும் ஒளி வெண்குழாயில் பட்டுத் தெறிப்பதால் மூடியின் விளிம்பு மங்குகிறது. பெத்திரிக் கிண்ணத்தின் அடியில் கறுப்புத் துணி விரித்து, பக்கவாட்டில் சிறிய மேசை விளக்கொன்றை வைத்த பின்பே முட்கள் தெளிவாகத் தெரிந்தன. கடலோர ஈரத்தில் வில்லைகளில் பூஞ்சணம் பிடிக்கும் என்று கடையில் எவரும் சொல்லவில்லை. மாரி காலம் முழுவதும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்காப் பைகளுடன் மூடிய பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். வாங்க நினைப்பவர்கள் குழாய்ப்புழு ஒட்டிய ஈரமான சிப்பி ஓடொன்றைக் கையோடு எடுத்துச் சென்று, கடையிலேயே அதன் மூடியைப் பார்த்த பின் பணம் கொடுக்கட்டும்.